இடிச்சகடம் சம்பா வயலில் இறங்கிய நாள்

பாபநாசத்துக்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் வடவேலங்குடியில், பிப்ரவரி முதல் வாரத்தில், மூன்று ஏக்கர் சம்பா அறுவடைக்கு நின்றுகொண்டிருந்தது. அந்த மூன்று ஏக்கருக்குச் சொந்தமான வீட்டின் மாடியில் இரண்டு விண்மீன் மண்டலங்களுக்கு இடையே போர் நடந்துகொண்டிருந்தது. அறுவடை, போர் இரண்டுக்கும் பரிதிதான் பொறுப்பாளன். முதலாவதை அவன் அம்மா ஞானாம்பாள் அவனிடம் ஒப்படைத்திருந்தாள். இரண்டாவதை அவனாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

போரைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. ‘பதின்மூன்றாம் வளையம்’ என்று ஒரு வெளிநாட்டுத் தொடர். ‘வடமீன் கப்பற்படை’ என்று இன்னொன்று. இரண்டும் தமிழ் பேசி வந்தவை. இரண்டிலும் விண்கலங்கள் உண்டு, பேரரசுகள் உண்டு, சாகும்போது நீளமாகப் பேசுகிறவர்கள் உண்டு. வெளியாள் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் எது எந்தத் தொடர் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இரு தரப்பு ரசிகர்களுக்கும் இவ்வளவு பகை. வளையத்தார் கப்பற்படையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள், கப்பல்காரர்களும் அப்படியே. ஆனால் முழுசாகப் பார்த்தால்தானே முறையாகத் திட்ட முடியும்? ஆகவே எல்லாரும் இரண்டையும் எல்லாப் பருவங்களும், சிலர் இரண்டு முறையும், பார்த்திருந்தார்கள்.

இணையத்தில் வளையத்தார் குழுவில் 4,112 பேர். கப்பல்காரர் குழுவில் 4,096 பேர். அந்தப் பதினாறு பேர் வித்தியாசத்தை நினைத்துக்கொண்டுதான் பரிதி நிம்மதியாகத் தூங்கினான். அவன்தான் வளையத்தார் குழுவின் அட்மின். தஞ்சாவூர் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன் என்பது நேரில் மட்டும். இணையத்தில் அவன் பெயர் ‘வளையவேந்தன்’.

எதிரணி அட்மின் பெயர் ‘அட்மிரல் 77’. அது ஒரு பிளஸ் டூ பையன் என்பது பரிதியின் முடிவு. பதில்கள் சுருக்கமாக வரும், உடனே வரும், சூத்திரங்களுக்கு மரியாதை இருக்காது. ஆகவே ஒவ்வொரு விவாதத்தின் முடிவிலும் பரிதி, ‘தம்பி, பரீட்சை நெருங்குகிறது. போய்ப் படி’ என்று எழுதி முடிப்பான். அட்மிரலோ அவனை ‘ஐயா’ என்றுதான் அழைக்கும். ‘ஆகவே’, ‘மேற்கண்டவாறு’, ‘இதனால் பெறப்படுவது யாதெனில்’ என்றெல்லாம் எழுதுகிற மனிதர் கும்பகோணத்துப் பக்கம் ஓய்வுபெற்ற அதிகாரியாக இருக்க வேண்டும் என்று அது நினைத்திருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு குழுவும் சேர்ந்து ‘மோதல் வாரம்’ நடத்தும். அந்தத் தொடரில் இருக்கும் ஒன்றும் இந்தத் தொடரில் இருக்கும் ஒன்றும் மோதினால் எது வெல்லும் என்று ஏழு நாள் வாதம், கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு ஓட்டு முடிவு. போன வருடத்துத் தலைப்பு: வளையத்தின் சமையல் ரோபோவும் கப்பற்படையின் மருத்துவ ரோபோவும் ஒரே கல்யாணத்தில் எதிரெதிர்ப் பந்தியில் பரிமாறினால் எந்தப் பந்தி முதலில் எழும்? அந்த வாதத்தில் அறுபத்தொரு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள். அறுபது பேர் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

தோற்ற குழுவின் அட்மின், வெற்றி பெற்ற அணியின் சின்னத்தை ஒரு வருடம் முகப்புப் படமாக வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் மட்டுமல்ல, வாட்ஸ்அப்பிலும். அதாவது சொந்தக்காரர்கள் பார்க்கும்படி. இதுவரை ஆளுக்கொரு வெற்றி. இந்த வருடம் மூன்றாவது.

இந்த வருடத்து மோதல்: வளையத்தின் ஆறு சக்கரப் போர் வண்டியான இடிச்சகடம், கப்பற்படையின் இரும்புச் செயினில் ஊர்ந்து போகும் செந்நண்டு. எங்கே மோதுவது என்பதற்குச் சீட்டு எழுதிப் போட்டார்கள். நிலாவின் மறுபக்கம், எரிமலை வாய், பாலைவனம் என்று பெருந்தன்மையாகப் பலர் எழுத, திருவாரூர்க்காரர் ஒருவர் ‘அறுவடைக்கு நிக்கிற சம்பா வயல், போன வாரம் மழை பெஞ்சது’ என்று எழுதிப் போட்டார். குலுக்கலில் அதுதான் வந்தது.

பரிதி அசரவில்லை. ஈர வயலில் சக்கரம் புதையாது, செயினைவிடச் சக்கரமே மேல் என்று பதினான்கு பகுதிகளில் நிறுவினான். மண்ணின் தாங்குதிறன், டயரின் அகலம், எடை வகுத்தல் பரப்பு. பதினான்காம் பகுதியின் கடைசி வரி: ‘ஆகவே காவிரிப் படுகை இடிச்சகடத்துக்கு விரித்த கம்பளம்.’

அட்மிரல் ஒரே வரியில் பதில் போட்டது. ‘ஐயா, நீங்க வயலை நேர்ல பாத்திருக்கீங்களா, இல்ல காலண்டர்லயா?’

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அதில் நாற்பத்துமூன்று பேர் வளையத்தார்.

வயலில் பிறந்து, வயலில் வளர்ந்து, வயல் வேலையிலிருந்து தப்பிப்பதற்காகவே இயற்பியல் படித்தவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. பரிதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதாவது மூன்றாவது தடவை போட்டுக்கொண்ட சாதம் இறங்கவில்லை.

*

மோதல் வாரத்தின் கடைசி நாளான சனிக்கிழமை காலை ஞானாம்பாள் மாடிப்படியின் அடியில் நின்று கத்தினாள்.

“டேய் பரிதி! தங்கமணி அறுப்பு மெஷினுக்குப் போன் பண்ணச் சொன்னேனே, பண்ணுனியா?”

“பண்ணிட்டேம்மா. ரெண்டு மணிக்கு மேலதான் வருமாம்.”

“வரட்டும். இன்னைக்குள்ள அறுத்தாப் போதும். நாளைக்கு மழைன்னு டிவில சொல்லிட்டான். நனைஞ்சுதுன்னா நின்ன வாக்குலயே முளைச்சுரும். அப்புறம் உங்கப்பாவுக்கு நீதான் பதில் சொல்லிக்கணும்.”

அப்பா மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். மழையும் இல்லாத, வயலும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு தினமும் வடவேலங்குடி வானிலையை விசாரிப்பார்.

“நான் பாவநாசம் போயி தார்ப்பாயும் டிராக்டரும் சொல்லிட்டு வந்துடறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு. புரியுதா? சும்மா இரு.”

இருபத்துமூன்று வருடத்தில் அவனால் சுலபமாகச் செய்ய முடிந்த ஒரே வேலையை அன்றைக்குப் பார்த்து அவனால் செய்ய முடியவில்லை.

இங்கே அந்த வயலின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ரோட்டிலிருந்து வாய்க்காலைத் தாண்ட ஒரு சிறு பாலம். பாலத்தைத் தாண்டியதும் பரிதி வீட்டு வயல். அதற்குப் பின்னால் வீரையன் வயல், அதற்குப் பின்னால் இன்னொருவர் வயல், இப்படிப் பதினோரு குடும்பத்தின் வயல்கள். உள் வயல்களுக்குத் தனிப் பாதை கிடையாது. முன் வயலை அறுத்துவிட்டு அதன் வழியாகத்தான் மெஷின் பின் வயலுக்குப் போகும். படுகை முழுக்க இதுதான் முறை. முதல் வயல்காரன் அறுக்காவிட்டால் கடைசி வயல்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். செயினில் ஓடும் தங்கமணியின் அறுவடை வண்டியை அந்தப் பன்னிரண்டு குடும்பமும் வரிசையாகச் சொல்லிவைத்திருந்தன.

பாபநாசம் ரோட்டில் டயர் வைத்த அறுவடை வண்டி ஒன்று வேலையில்லாமல் நிற்பதாக ராம்கி தகவல் சொன்னான். ராம்கி பக்கத்துத் தெரு. வளையத்தார் குழுவின் துணை அட்மின். சொந்தக் கருத்து எதுவும் இல்லாததால் அந்தப் பதவிக்கு மிகப் பொருத்தமானவன். பரிதி எழுந்து நின்றான்.

“மாப்ள, இடிச்சகடத்துக்கு என்ன இருக்கு?”

“சக்கரம்.”

“அந்த வண்டிக்கு?”

“டயர். ரெண்டும் ஒண்ணுதானேடா.”

“எங்க வயல் என்ன?”

“சம்பா. ஈரம்.”

“லைவ் போடறோம். நேரடிப் பரிசோதனை. அம்மா வர்றதுக்குள்ள வயலும் அறுத்துரும், அந்தப் பையன் வாயும் அடைஞ்சுரும்.”

ராம்கி கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு அது பழக்கமில்லை. “உங்கம்மா சும்மா இருக்கச் சொன்னாங்கடா.”

“அறிவியல் சும்மா இருக்காது.”

*

டயர் வண்டியின் ஓட்டுநர் ரெத்தினம் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வயலோரத்தில் குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குதிகால் இருந்த இடத்தில் தண்ணீர் கசிந்து வந்தது.

“தம்பி, ஈரம் ஜாஸ்தியா இருக்கே. தாங்குமா?”

“தாங்கும்ண்ணே. கணக்குப் போட்டுட்டேன்.”

“என்ன கணக்கு?”

பரிதி சொன்னான். எடை வகுத்தல் பரப்பு என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் சொன்னான். ரெத்தினம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருட வேலையில் வயல்காரர் ஒருவர் தன்னிடம் இப்படிப் பேசியதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “படிச்ச புள்ள சொல்றீங்க,” என்று வண்டியில் ஏறினார்.

ராம்கி வரப்பில் நின்று லைவ் போட்டான். முதல் நிமிடத்தில் நாற்பது பேர். வண்டி வயலில் இறங்கியபோது முந்நூறு. முதல் சுற்று பட்டு மாதிரி போனது. நெல் சரசரவென்று உள்ளே போக, வைக்கோல் பின்னால் விழுந்தது. பரிதி கேமரா முன்னால் வந்து, “பாருங்கள் வளையத்தாரே! சக்கரம் செல்கிறது!” என்றான். இதயங்கள் பறந்தன. ‘இடிச்சகடம் வாழ்க’ என்று நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் எழுதினார்.

இரண்டாவது சுற்றும் முடிந்தது. இப்போது ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கருத்துப் பகுதியில் அட்மிரல் 77 வந்தது.

‘ஐயா, நெல்லு டேங்க் நிறையுது. கொட்டிட்டு அப்புறம் போங்க.’

“பயந்துட்டான் மாப்ள!” என்றான் ராம்கி.

‘ஐயா, அது வடவேலங்குடி ஞானாம்பாக்கா வயலு மாதிரி இருக்கே. வலது மூலைக்கு விடாதீங்க. வரப்புல நண்டு வளை இருக்கு, அந்த மூலை எப்பவும் கசியும்.’

பரிதி இதைப் படித்தான். தன் அம்மாவின் பெயரும், தன் வயலின் மூலையும், அந்த மூலையில் இருக்கும் நண்டின் விலாசமும் ஒரு பிளஸ் டூ பையனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பகைவனின் உளவியல் போர் என்று எடுத்துக்கொண்டான். கேமராவைப் பார்த்து, “தம்பி, பரீட்சைக்குப் படி!” என்றான்.

‘விடாதீங்கய்யா.’

‘விடாதீங்க.’

‘விட்டாச்சா?’

விட்டாயிற்று. மூன்றாவது சுற்றில், வலது மூலையில், டேங்க் நிறைய நெல்லோடு வண்டி திரும்பியபோது பின் சக்கரம் ஒருமுறை சுழன்றது. இரண்டாம் முறை சுழன்றது. மூன்றாம் முறை சுழன்றபோது சக்கரம் தெரியவில்லை. வண்டி, வேலை முடிந்த யானை உட்காருவதுபோல, அவசரமில்லாமல் பின்பக்கமாக உட்கார்ந்தது. ரெத்தினம் சாய்ந்த இருக்கையில் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

“தம்பி,” என்றார் மேலிருந்து. “அந்தக் கணக்குல நெல்லைச் சேத்தீங்களா?”

பரிதி பதினான்கு பகுதிகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். நெல் எந்தப் பகுதியிலும் இல்லை.

லைவில் இப்போது ஆயிரத்து நூறு பேர்.

*

வலது மூலை என்பது வெறும் மூலை அல்ல. பின் வயல்களுக்கு மெஷின் இறங்குகிற வழி அதுதான். இடது பக்கம் முழுக்க வடிகால். ஆக, அரை மணி நேரத்தில் வரப்பு நிறையப் பதினோரு குடும்பம்.

“யாருடா டயர் வண்டியை இறக்குனது?” என்றார் வீரையன். பின் வயல்காரர், ஐந்து ஏக்கர், குரலுக்கு மைக் தேவைப்படாதவர்.

“பரிசோதனை, மாமா.”

“என்னா சோதனை?”

“நேரடிப் பரிசோதனை.”

“உங்க வீட்டுச் சோதனைய எங்க வயலு வாசல்ல வந்தாடா பண்ணுவ? நாளைக்கு மழை பெஞ்சா பதினோரு வீட்டு நெல்லும் முளைக்குமே, அதையும் லைவ்ல காட்டுவியா?”

“மாமா, லைவ் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு,” என்றான் ராம்கி.

“ஓடட்டும்! எனக்கென்ன பயமா?” என்று வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேமராவுக்கு நேராக வந்து நின்று முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தார். அவருக்கு இருநூறு இதயங்கள் பறந்தன.

ஞானாம்பாள் பாபநாசத்திலிருந்து தார்ப்பாயோடு வந்து இறங்கினாள். வண்டியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி வண்டியைப் பார்த்தாள். தார்ப்பாயைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கிழக்கே நாகப்பட்டினத்துப் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மழைக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுமை இல்லைபோல.

இரண்டு மணி சொல்லியிருந்த செயின் வண்டி ஒன்றரைக்கே வந்துவிட்டது. லாரியின் முதுகிலிருந்து அது இறங்கிய சத்தத்தில் வீரையனே பேச்சை நிறுத்தினார். சிவப்பு வண்டி. அதன் பக்கவாட்டில், சாதாரணமாக முருகனோ மாதாவோ இருக்கிற இடத்தில், ஏழு கதிர் நட்சத்திரமும் அதன் கீழே நங்கூரமும் வரைந்திருந்தது.

பரிதி கதிர்களை இரண்டு முறை எண்ணினான். வடமீன் கப்பற்படையின் சின்னம்.

வண்டியை ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். நைட்டிக்கு மேலே ஆண் சட்டை, தலையில் துண்டு, காதில் பென்சில். தங்கமணி. மன்னார்குடிப் பக்கத்துக்காரி; வருடாவருடம் இங்கே அறுக்க வருகிறவள், பரிதிதான் அறுவடை நாளில் வயல் பக்கம் வந்ததில்லை. சொந்தமாக இரண்டு செயின் வண்டி. ரிப்பேர் பார்ப்பதும் அவளேதான். பாலத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இதுல வளையவேந்தன் யாருங்க?”

பதினோரு குடும்பமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன.

“அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லையேம்மா,” என்றார் வீரையன். “பட்டா யாரு பேர்ல இருக்குன்னு சொல்லு, பாப்போம்.”

பரிதி மெல்லக் கையைத் தூக்கினான். வகுப்பில்கூட அவன் அப்படித் தூக்கியதில்லை.

தங்கமணி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “நீயா? நான் என்னமோ தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவருன்னு நெனச்சேன். ஐயா ஐயான்னு மூணு வருஷமா மரியாதை குடுத்து நாக்கே தேஞ்சுபோச்சு.”

“நீங்க... அட்மிரலா?”

“ஆமா. பரீட்சைக்குப் படிக்கச் சொன்னல்ல? படிக்கணும்தான். என் பொண்ணுக்குப் பத்தாவது, நான்தான் பாடம் சொல்லிக் குடுக்கறேன்.”

ராம்கி லைவை அணைத்தான். அவன் வாழ்க்கையில் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது.

*

தங்கமணி சேற்றில் முழங்கால்வரை இறங்கி, உட்கார்ந்திருந்த வண்டியைச் சுற்றி வந்தாள். டேங்கில் இருந்த நெல்லை முதலில் சாக்கில் இறக்கச் சொன்னாள். பதினோரு குடும்பமும் கைமாற்றிக் கைமாற்றி இறக்கின. இரும்புக் கயிற்றை மாட்டும்போது பரிதி பக்கத்தில் வந்து நின்றான். என்ன நிபந்தனை வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். அதைத் தானே சொல்லிவிடுவது கௌரவம்.

“அக்கா. சரணடையறேன். தோத்துட்டேன்னு இப்பவே குழுவில போட்டுடறேன். நீங்க இழுத்துவிட்டு அறுத்துக் குடுங்க.”

தங்கமணி நிமிர்ந்தாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

“எதை வச்சுத் தோத்த?”

“வண்டி மாட்டிக்கிச்சே.”

“இது இடிச்சகடமா?”

“டயர் வண்டி.”

“இடிச்சகடத்துல எடைகுறைப்பான் உண்டா இல்லியா? மூணாம் பருவம், அஞ்சாம் எபிசோடு. பனி ஏரி மேல போவுதுல்ல, புதைஞ்சுதா?”

“இல்ல.”

“இந்த வண்டில எடைகுறைப்பான் இருக்கா? அண்ணே, உங்க வண்டில எடைகுறைப்பான் இருக்கா?”

“ஏசியே கிடையாதும்மா,” என்றார் ரெத்தினம்.

“கேட்டுக்கிட்டியா? அப்புறம் இது எப்படிச் செல்லும்? கதைக்குள்ள இருக்கறத வச்சுத்தான் வாதம். வர்ற வழியிலேயே எங்க ஆளுங்களுக்கு மெசேஜ் போட்டுட்டேன், அந்த லைவை வச்சு ஒருத்தனும் ஓட்டுப் போடக் கூடாதுன்னு. நீ தோக்கணும்னா முறைப்படி தோக்கணும். இப்படி அல்பமாத் தோத்தா ஜெயிச்ச எனக்கு என்ன மரியாதை?”

பரிதிக்கு மூன்று வருடத்தில் முதல்முறையாக எதிரியின் மேல் மதிப்பு வந்தது. உடனே வாதாடவும் தோன்றியது. “ஆனா செந்நண்டு மட்டும் எப்படித் தாங்கும்? அதோட பீரங்கி எடையே...”

“பீரங்கியைக் கழட்டி வச்சுட்டுத்தான் தரையில எறங்கும். ரெண்டாம் பருவம்.”

“ரெண்டாம் பருவத்துல அது தீவுல. மணல். இது களிமண்.”

“களிமண்ணுன்னா செயின் அகலம்...”

“ஏம்மா!” என்று தார்ப்பாயிலிருந்து ஞானாம்பாளின் குரல் வந்தது. பாபநாசத்திலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. “மேகம் தலைக்கு மேல வந்துருச்சு. நண்டை அப்புறம் ஆயலாம், முதல்ல வண்டிய இழுங்க.”

இழுத்தார்கள். முதல் தடவை கயிறு முறுகியது. இரண்டாம் தடவை செயின் வண்டியே ஒரு முழம் பின்னால் வழுக்கியது. பரிதி, தன் மூன்று வருட லட்சியத்துக்கு நேர்விரோதமாக, செயின் வழுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான். மூன்றாம் தடவை சேறு பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு டயர் வண்டியை வெளியே தள்ளியது. ரெத்தினம் பாலத்துக்கு ஏறியதும் இறங்கி வந்து தன் டயரைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு தங்கமணி நிற்கவில்லை. பரிதி வயலில் வழிக்கு ஒரு பட்டை மட்டும் அறுத்துவிட்டு நேராகப் பின்னால் போனாள். குற்றவாளி வயல் கடைசி என்று வீரையன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஞானாம்பாளும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். இரண்டாவது வண்டியையும் தெரிந்தவர்களின் நான்கு வண்டியையும் வரச் சொல்லி, பதினோரு வயலும் முடிந்து, மற்றவை அடுத்த ஊருக்குப் போய்விட, பரிதி வயலுக்கு அவள் திரும்பியபோது மணி நாலரை.

*

ஐந்து ஐம்பதுக்கு ராம்கி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். “மாப்ள! சரிசமம்டா! 1,733க்கு 1,733!”

காரணம் பிறகுதான் தெரிந்தது. பதினேழு கப்பல்காரர்கள் பரிதாபப்பட்டு இடிச்சகடத்துக்குப் போட்டிருந்தார்கள். பதினேழு வளையத்தார் வெட்கப்பட்டுச் செந்நண்டுக்குப் போட்டிருந்தார்கள். இனி மிச்சம் இரண்டே ஓட்டு. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு அட்மின்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம் என்பது மோதல் வாரத்து விதி.

வயலில் இன்னும் அரை ஏக்கர் நின்றது. முதல் தூறல் பரிதியின் மூக்கில் விழுந்தது. அவன் ஓடும் வண்டிக்குப் பக்கவாட்டில் சேற்றில் ஓடினான்.

“அக்கா! உங்க ஓட்டு! பத்து நிமிஷந்தான்!”

“போன் டூல் பாக்ஸ்ல இருக்கு!” என்று இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள் தங்கமணி. “நிறுத்தணும்! நிறுத்துனா இந்தத் தூறல்ல கதிரு நனைஞ்சு மெஷின்ல அடைச்சுக்கும்! அப்புறம் இன்னைக்கு அறுக்க முடியாது! நிறுத்தவா, அறுக்கவா?”

அவள் நிறுத்தினால் சரிசமம்; அரை ஏக்கர் நெல் முளைக்கும். நிறுத்தாவிட்டால் அவள் ஓட்டு வீணாகும். பரிதியின் ஒற்றை ஓட்டில் இடிச்சகடம் வெல்லும். ஒரு வருடம் முழுக்க அட்மிரல் 77 வளையத்தின் சின்னத்தைச் சுமக்கும்.

“அறுங்கக்கா!” என்றான்.

அவள் அறுத்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. நட்சத்திரமும் நங்கூரமும் தூறலில் பளபளக்க, வண்டி கடைசிப் பட்டையை விழுங்கிக்கொண்டு போனது.

பரிதி போனைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றான். ஐந்து ஐம்பத்தேழு. கட்டைவிரல் இடிச்சகடத்தின் மேல் நின்றது. அழுத்தினால் வெற்றி. முறைப்படியான வெற்றி. தங்கமணியே சொன்னதுதான், கதைக்குள் இருப்பதை வைத்துத்தான் வாதம். கதைக்குள் எடைகுறைப்பான் இருக்கிறது. ஆனால் விரல் இறங்கவில்லை. ஐந்து ஐம்பத்தெட்டு. மூன்று வருடத்துப் பகை ஒரு பக்கம். சேற்றில் ஓடுகிற சிவப்பு வண்டி ஒரு பக்கம்.

“என்னடா அது?” ஞானாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள்.

“ஓட்டும்மா. ரெண்டு வண்டி. எது வயல்ல ஜெயிக்கும்னு.”

“இதுல செயின் வண்டி எது?”

“இந்தச் செவப்பு. ஆனா அம்மா, எடைகுறைப்பான்னு ஒண்ணு...”

ஞானாம்பாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழுத்தினாள். புதைந்த வண்டியைப் பார்த்ததிலிருந்து அவள் திட்டாமல் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு விரலில் இறங்கியது. போன் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

1,734. செந்நண்டு.

“முடிஞ்சுதா? வா, தார்ப்பாய் ஒரு முனையப் புடி,” என்றாள்.

குவியலை மூடி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது.

*

பரிதி முறைப்படி தோல்வி அறிக்கை எழுதினான். ‘மேற்கண்ட முடிவு குடும்பத் தலைவியின் நேரடித் தலையீட்டால் ஏற்பட்டது, எனினும் செல்லும்’ என்று இருந்தது. முகப்புப் படத்தில் ஏழு கதிர் நட்சத்திரமும் நங்கூரமும் ஏற்றினான், வாட்ஸ்அப்பிலும். அப்பா மஸ்கட்டிலிருந்து, ‘கப்பல்ல வேலை கெடச்சிருச்சா?’ என்று கேட்டார்.

வினை அடுத்த வாரம் வந்தது. அன்று செயின் வண்டி ஓடிய ஓட்டத்தைப் பார்த்த வீரையன், ஊர் ஊராக அதைப் பற்றிப் பேசியிருந்தார். நம்பர் கேட்டவர்களிடம், “நம்ம பய நம்பர் தர்றேன், அந்த வண்டி படம் போட்டிருக்கான் பாருங்க, அவன்தான் ஆளு,” என்று பரிதியின் எண்ணைக் கொடுத்துவிட்டார். படம் பொருந்தியது. வண்டியில் இருக்கிற அதே நட்சத்திரம், அதே நங்கூரம். அதற்குமேல் யார் விசாரிப்பார்கள்?

தங்கமணியிடம் முறையிட்டான். “நல்லதாப் போச்சு,” என்றாள் அவள். “நீயே வரிசை போட்டு எனக்கு அனுப்பிடு. முதல் வயல் யாரு, பின் வயல் யாருன்னு சரியா எழுது. ஒரு வருஷந்தானே?”

இப்போது வளையவேந்தன் மாடியில் உட்கார்ந்து, பதினைந்தாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறான். நெல்லின் எடையையும் சேர்த்த திருத்தப்பட்ட கணக்கு. நான்கு வரிக்கு ஒருமுறை போன் அடிக்கிறது.

“அலோ, மெஷின்காரத் தம்பியா? திருவாரூர்லேருந்து பேசறேன். எங்களுக்குக் கொஞ்சம் ஈரமான வயலு. நீங்க டயர் வண்டியா, செயின் வண்டியா?”

பரிதி கண்ணை மூடிக்கொள்வான். குழுவிலிருக்கும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்தப் போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றும்.

“செயின் வண்டிதாங்க,” என்பான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வலது மூலையில நண்டு வளை ஏதும் இருக்குங்களா?” என்று கேட்பான்.